மடியில் இருந்த கத்தி: ஓலை, எழுத்தாணி, அரிவாள்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில், மத்திய ஆவணக் காப்பகத்தின் பழைய கட்டடத்தில் 2022ஆம் ஆண்டு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என இன்று மிகச் சிலரே படிக்கக்கூடிய வரிவடிவங்களில் எழுதப்பட்ட அரசாணைகளும் நிலக்கணக்குகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்ப்போர் கண் முதலில் எழுத்தின் மேல் விழுகிறது. அடுத்து, அதைக் கீறிய எழுத்தாணியை நினைக்கிறது. அந்த ஓலையின் நான்கு விளிம்புகளும் ஏன் இத்தனை நேராக இருக்கின்றன என்னும் கேள்வி எளிதில் எழுவதில்லை. அக்கேள்விக்கு விடை ஒரு கத்தி. எழுதுவோன் நாள்தோறும் தன் மடியில் வைத்திருந்த சிறு கத்தி.

எழுத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் வரிவடிவத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எழுதுபொருளின் வரலாறு அதன் பின்னிணைப்பாக வருகிறது. எழுதுபொருளை ஆயத்தம் செய்த கருவியின் வரலாறு அந்தப் பின்னிணைப்பின் அடிக்குறிப்பிலும் இடம்பெறுவது அரிது. ஆனால் அன்றாடம் உடன் கொண்டுசெல்லும் மடக்குக்கத்தி என்னும் பொருளுக்குத் தென்னிந்தியாவில் ஒரு வேர் தேட வேண்டுமெனில், போர்க்களத்தையோ வேட்டைக் காட்டையோ விட எழுதுவோன் அமர்ந்திருந்த திண்ணையே பொருத்தமான தொடக்கம்.

*எழுத்தாணியின் மறுமுனை*

உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில், தாம் இளமையில் கண்ட எழுத்தாணி வகைகளை விவரிக்கிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பன அவை. குண்டெழுத்தாணியின் தலையில் கனமான கொண்டை இருக்கும். வாரெழுத்தாணியின் தலையில் அக்கொண்டைக்கு மாறாகக் கத்தி அமைந்திருக்கும். ஓலையை வாருவதற்குப் பயன்படுவதால் அது அப்பெயர் பெற்றது. மடக்கெழுத்தாணியோ மடக்கிப் பிடிக்குள் அடக்கி வைத்துக்கொள்ளத்தக்கது.

இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சிந்தனைப் போக்கு தெரியும். முதல் வகை எழுதுவதற்கு மட்டும். இரண்டாம் வகை எழுதுவதற்கும் எழுதுபொருளைச் செப்பம் செய்வதற்கும். மூன்றாம் வகை இவ்விரண்டோடு எடுத்துச் செல்வதற்கும். ஒரே இடத்தில் அமர்ந்து படியெடுப்போனுக்கு முதல் வகை போதும். கத்தியைத் தனியே அருகில் வைத்துக்கொள்ளலாம். ஊர் ஊராகச் சென்று நிலம் அளப்பதையும் நெல் அளப்பதையும் பதிவு செய்த கணக்குப்பிள்ளைக்கு அது போதாது. அவனுடைய ஆடையில் பை கிடையாது. இடைக்கச்சும் வேட்டி மடிப்புமே அவனுக்குப் பை. அங்கே திறந்த கூர்முனை இருந்தால் அது உடலைக் குத்தும், முனையும் மழுங்கும். மடக்கெழுத்தாணி இவ்விரண்டு இடர்களுக்கும் விடையாக இருந்தது.

எனவே மடக்கெழுத்தாணியைத் தெரிந்தெடுப்பது அழகு பற்றிய தெரிவு மட்டுமன்று. பிடி மரத்தாலா, கொம்பாலா, தந்தத்தாலா, பித்தளையாலா என்பதில் உடையவனின் நிலை வெளிப்பட்டிருக்கலாம். ஆனால் பிடியின் கனம் எழுத்தின் சீரையும் தீர்மானித்தது. ஓலையில் எழுதுவோன் எழுத்தாணியை வலக்கையில் நிறுத்தி, இடக்கைக் கட்டைவிரலின் நகத்தை அதற்கு அணையாகக் கொடுத்து, ஓலையை நகர்த்தி எழுதுவான். பிடி கனத்தால் கை சோரும். இலேசானால் கீறல் ஆழமாக விழாது. கீறல் ஆழமாக விழாவிட்டால் மையாடும்போது கரி தங்காது, எழுத்து தெரியாது. கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடிக்குள் அடங்கும்போது, கத்தியின் எடையும் எழுத்தின் எடையாகிறது.

*வளைவின் காரணம்*

இனி அலகின் வடிவம். எஞ்சியுள்ள எழுத்தாணிக் கத்திகளில் நேரான அலகும் வளைந்த அலகும் இரண்டும் உண்டு. வளைவிலும் இரு வகை உள்ளன: வெட்டுவாய் வெளிப்புறமாகப் புடைத்திருப்பது ஒன்று, அரிவாளைப் போல உட்புறமாகக் குழிந்திருப்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல, வெவ்வேறு வேலைக்கானவை.

ஓலையைப் பலகையின் மேல் வைத்து விளிம்பை அறுக்கும்போது புடைத்த வாய் உதவும். அலகு முழுவதும் பலகையைத் தொடாமல் ஒரு சிறு பகுதி மட்டும் தொடுவதால், கை தரும் அழுத்தம் அவ்விடத்தில் குவிகிறது. கோடு பிசகாமல் செல்கிறது. ஈர்க்கை இழுத்துப் பிரிப்பதற்கும், காம்பைக் கையில் பிடித்தபடி நறுக்குவதற்கும் குழிந்த வாய் உதவும். நேரலகில் உருண்டையான காம்பு நுனியை நோக்கி வழுக்கும். குழிந்த வாயில் அது வளைவுக்குள் சிறைப்படும். இழுக்க இழுக்க அறுபடும். இதற்கு ஒரு விலையும் உண்டு. குழிந்த வாயைத் தட்டையான சாணைக்கல்லில் தீட்ட முடியாது. கல்லின் விளிம்பையோ உருண்டைக் கல்லையோ நாட வேண்டும். அன்றாடம் வைத்துக்கொள்ளும் கத்தியைத் தெரிந்தெடுப்போன் வெட்டும் நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது. தீட்டும் நேரத்தையும் எண்ண வேண்டும்.

மடிப்பும் வளைவும் ஒன்று சேரும்போது மற்றொரு நுட்பம் தோன்றுகிறது. பூட்டு இல்லாத பழைய மடக்குக்கத்தியில் அலகைத் தாங்குவது ஓர் ஆணியும் அதன் இறுக்கமும் மட்டுமே. வாய்ப்புறமாக அழுத்தி இழுக்கும்போது எதிர்விசை அலகைத் திறந்த நிலையிலேயே நிறுத்துகிறது. நுனியால் குத்தினாலோ, அலகு மடங்கிக் குத்துபவனின் விரலையே வெட்டக்கூடும். அதாவது, பூட்டில்லா மடக்குக்கத்தி அறுப்பதற்கு நம்பத்தக்கது, குத்துவதற்கு நம்பத்தகாதது. அதன் மூட்டே அதன் நோக்கத்துக்குச் சான்று. இந்தச் சான்றைச் சட்டங்கள் எந்த அளவுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டன என்பது பின்னர் வரும் கேள்வி.

*இறகும் ஓலையும்*

எழுதுவோனின் கத்தி அன்றாடக் கத்தியாக மாறிய வரலாறு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் இறகால் எழுதியோர் அதன் முனையை அடிக்கடி சீவ வேண்டியிருந்தது. அதற்கெனப் பிறந்ததே பேனாக்கத்தி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காமின் தொழிற்கூடங்கள் உலோக முள்ளைப் பெருமளவில் உற்பத்தி செய்தபின் இறகு மறைந்தது. கத்தி மறையவில்லை, பெயரும் மறையவில்லை. சட்டைப்பையில் வைக்கும் எந்தச் சிறு மடக்குக்கத்தியும் பேனாக்கத்தி எனப்பட்டது. தமிழிலும் அச்சொல் வழங்கியது. இறகைச் சீவியே அறியாத தலைமுறைகள் பென்சிலையும் மாங்காயையும் பேனாக்கத்தியால் சீவின.

தோட்டக்காரனின் கத்திக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் கொடிகளை நறுக்கப் பயன்பட்ட 'செர்ப்பெத்' என்னும் வளையலகு மடக்குக்கத்தி, அரிவாளின் வேலையைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. இன்று உலகச் சந்தையில் பருந்தின் அலகு எனப் பெயரிட்டு விற்கப்படும் வளைந்த மடக்குக்கத்திகள் அம்மரபின் வழித்தோன்றல்களே.

இங்கே ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இறகு போனபின் ஐரோப்பியப் பேனாக்கத்தி வேறு வேலைகளை ஏற்று வாழ்ந்தது. திருவிதாங்கூரில் 1820களில் நாகர்கோவிலிலும் கோட்டயத்திலும் சமயப் பணியாளரின் அச்சகங்கள் இயங்கத் தொடங்கின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு அலுவலகங்களில் தாள் சிறிது சிறிதாக ஓலையின் இடத்தைப் பிடித்தது. ஓலையோடு மடக்கெழுத்தாணியும் போயிற்று. அது வேறொரு வேலையை ஏற்றுத் தொடரவில்லை. எழுத்தோடு அத்தனை இறுக்கமாகப் பிணைந்திருந்த கருவி, எழுதுமுறை மாறியதும் அருங்காட்சியகப் பொருளானது. சாலைக் கம்போளத்தின் இரும்புக் கடையில் பின்னாளில் மடக்குக்கத்தி வாங்கியவனுக்கு, தன் பாட்டன் மடியில் இருந்த பொருளுக்கும் தன் கையில் உள்ளதற்கும் உறவு உண்டெனத் தோன்ற வாய்ப்பில்லை.

*ஓலையை இறக்கியவன் கத்தி*

ஓலை எழுதுவோன் கைக்கு வருமுன் மரத்திலிருந்து இறங்க வேண்டும். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை தொடங்கி விளவங்கோடு, கல்குளம் வழியாக நாஞ்சில் நாடு வரை பனை அடர்ந்த நிலம். அங்கே பனையேறியின் இடுப்பில் மற்றொரு வளைந்த கத்தி இருந்தது. மட்டையை வெட்ட ஓர் அரிவாள்; பாளையைச் சீவ, மெல்லிய கூர்வாய் கொண்ட பாளை அரிவாள். பின்னது மடங்காது, இடுப்பில் கட்டிய பெட்டிக்குள் இருக்கும். எழுதுவோன் கத்தியை மூட்டால் காத்தான். பனையேறி பெட்டியால் காத்தான். இருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே: கூர்மையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாள் முழுதும் இயங்குவது எப்படி?

பாளை அரிவாளின் கூர்மை வாழ்வாதாரம் சார்ந்தது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவ வேண்டும். மழுங்கிய வாய் நசுக்கும். நசுங்கிய பாளை சுரக்காது. சற்று ஆழமாக வெட்டினால் பாளையின் ஆயுள் குறையும். உயரத்தில், ஒரு கையால் செய்யும் வேலையில் இத்தனை நுட்பம் வேண்டியிருந்தது. ஓலை வாருவோனின் நுட்பத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆனால் இவ்விரு கத்திகளுக்கும் சமூகம் அளித்த இடம் ஒன்றாக இல்லை. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு, பள்ளிக்கு அளிக்கப்பட்ட ஈழவக் குடிகளுக்கு ஏணிக்காணம், தளைக்காணம் ஆகிய வரிகளிலிருந்து விலக்கு அளித்ததைக் கூறுகிறது. பின்னதைத் தலைக்காணம் எனப் படிப்போரும் உண்டு. ஏணிக்காணம் மரமேறுவோனின் கருவியின் மேல் விழுந்த வரி. விலக்கு வழங்கப்பட்டது எனின், விலக்குப் பெறாதோர் அதைச் செலுத்தினர் என்பது பெறப்படும். அதைப் பதிவு செய்தவனின் எழுத்துக் கருவிக்கு அவ்வாறு ஒரு வரி அச்செப்பேட்டில் பேசப்படவில்லை.

பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் 3,000க்கும் மேற்பட்ட ஓலைச் சுருணைகளைக் கொண்டவை. கோயிலின் வரவு செலவு, சடங்கு, நிலம், தண்டனை என ஒரு நாட்டின் நினைவு முழுவதும் அவ்வோலைகளில் உள்ளது. பனைத்தொழிலால் வாழ்ந்த சாதியினர் அக்கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான கோயில் நுழைவு அறிவிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய நெடும் போராட்டத்தின் பின்னரே 1859இல் திருவிதாங்கூர் அரசு அதற்கு வரம்புக்குட்பட்ட இசைவு அளித்தது. பனையின் ஓலை புகுந்த இடத்துக்குள் பனையை நம்பி வாழ்ந்தவன் புக முடியவில்லை. ஒரு கத்தி மதிப்பின் அடையாளமாகவும் மற்றொன்று இழிவின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டதற்கு அலகின் வடிவம் காரணமன்று. அதைப் பிடித்த கை எந்தச் சாதியின் கை என்பதே காரணம்.

*7,561 கத்திகள்*

அன்றாடக் கத்தி குற்றப்பொருளாக மாறிய நிகழ்வு வடக்கே மலபாரில் நடந்தது. அங்கே மாப்பிள முஸ்லிம்கள் இடுப்பில் கத்தி வைத்துக்கொள்ளும் வழக்கம் உடையோர். 1836 முதல் நிலவுடைமையாளருக்கும் ஆங்கில ஆட்சிக்கும் எதிராக அவர்களிடையே தொடர்ச்சியான கிளர்ச்சிகள் எழுந்தன. 1852இல் டி. எல். ஸ்ட்ரேஞ்ச் சிறப்பு ஆணையராக நியமிக்கப்பட்டுக் காரணங்களை ஆராய்ந்தார். நிலவுறவில் வேரூன்றிய குறைகளைவிட மதவெறியே முதற்காரணம் என அவர் முடிவுக்கு வந்தார். காரணம் மனத்தில் இருக்கிறது எனக் கொண்டபின், தீர்வைக் கையில் தேடுவது எளிதாயிற்று. 1854இல் மலபார்க் கத்திகளை வைத்திருப்பதைத் தடைசெய்யும் 24ஆம் சட்டம் பிறந்தது.

மாவட்ட ஆட்சியர் எச். வி. கனோலி அவ்வாண்டு டிசம்பரில் ஊர் ஊராகச் சென்று கத்திகளைத் திரட்டத் தொடங்கினார். 1855 ஜனவரி 31 வரை 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாக வில்லியம் லோகனின் 'மலபார் மானுவல்' கூறுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, சிறையிலிருந்து தப்பிய மாப்பிளக் கைதிகள் கோழிக்கோட்டில் கனோலியை அவருடைய இல்லத்திலேயே வெட்டிக் கொன்றனர்.

இந்நிகழ்வை இரு வகையாகப் படிக்கலாம். கத்தியைத் திரட்டியது போதவில்லை என்பது ஆட்சியின் வாசிப்பு. கத்தியைத் திரட்டியதால் நிலத்தின் குறை தீரவில்லை என்பது மற்றொரு வாசிப்பு. பின்னாளில் லோகனே நிலவுறவுகளை ஆராய்ந்து, கிளர்ச்சிகளின் வேர் உழவர் குடிகளின் நிலையில் இருப்பதாக எழுதினார் என்பது இரண்டாம் வாசிப்புக்கு வலிமை சேர்க்கிறது. எனினும் 7,561 என்னும் எண்ணுக்குள் அடங்கிய ஒவ்வொரு கத்தியும் கிளர்ச்சிக்கெனவே இடுப்பில் ஏறியதா என்பதை எண் சொல்லாது. எண்ணுவதற்காகப் பெயரை மாற்றும்போது பொருளின் வரலாறும் மாறிவிடுகிறது.

*அளவும் நோக்கமும்*

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே அமைந்த பொருள்களை ஆயுதம் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. அதன் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமோ உடைய அலகை ஆயுத வகையில் சேர்க்கின்றன. அங்கும் வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. வளைவை அவ்வரையறை அளவுகோலாகக் கொள்வதில்லை. சட்டத்தின் 4ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிகளில் மேலும் கடுமையான கட்டுப்பாட்டை அறிவிக்க அரசுக்கு இடமளிக்கிறது. 1980இல் தில்லியில் வெளியான அறிவிப்பு, பொத்தானை அழுத்தினால் விசையுடன் திறக்கும் வகைக் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என மிகக் குறைந்த வரம்பை வகுத்தது.

இந்தத் தில்லி அறிவிப்பு கருதத்தக்கது. அது நீளத்தை மட்டுமன்றி மூட்டையும் நோக்குகிறது. விசையால் நொடியில் திறப்பதும், நகத்தால் மெல்லத் திறப்பதும் வெவ்வேறு நோக்கம் உடையவை என்பதை அது ஒருவகையில் ஏற்கிறது. மடக்கெழுத்தாணியின் ஆணி சொல்லும் சான்றை இக்காலச் சட்டம் எதிர்த்திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறது எனலாம்.

எனவே இன்று ஒருவர் அன்றாடப் பயன்பாட்டுக்கென வளையலகு மடக்குக்கத்தி ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது, அவர் கேட்க வேண்டிய கேள்விகள் புதியனவல்ல. எதை அறுக்கப் போகிறோம்? இழுத்து அறுப்பதா, அழுத்தி அறுப்பதா? எங்கே வைத்துக்கொள்வோம்? எதில் தீட்டுவோம்? மூட்டு எந்தத் திசை விசையைத் தாங்கும்? கணக்குப்பிள்ளையும் பனையேறியும் தத்தம் கருவியிடம் கேட்டவை இவையே. ஆறாவதாக ஒரு கேள்வியும் உண்டு: இதை இந்தக் கையில் காணும் அதிகாரம் இதற்கு என்ன பெயர் வைக்கும்? அக்கேள்விக்கு விடை கருவியில் இல்லை.

1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் த. கணபதி சாஸ்திரி கண்டெடுத்த சுவடியிலிருந்து பாசனின் நாடகங்கள் எனப்படுபவை 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சேறின. இந்திய இலக்கிய வரலாற்றின் ஒரு பக்கத்தையே அது திருத்தியது. அந்நாடகங்களை இயற்றியவர் யார் என்பது பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதம் நடக்கிறது. அந்த ஓலையை மரத்திலிருந்து இறக்கியவர் யார், விளிம்பை வாரியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. சுவடியியல் பயிலும் மாணவர் ஒரு கட்டை விரிக்கும்போது, முதல் எழுத்தைப் படிக்குமுன் விளிம்பை ஒருமுறை நோக்கலாம். கத்தி சென்ற திசையும் அது தயங்கிய இடமும் அங்கே இருக்கின்றன. பெயர் எழுதத் தெரியாதவர்களும் எழுத வாய்ப்பற்றவர்களும் அந்த ஓலையில் விட்டுச் சென்ற ஒரே தடம் அதுவாக இருக்கக்கூடும்.